குரலுக்கு ஒரு லேபிள்

நமது நிருபர்

விருதுநகருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள்.

எங்கிருந்தோ ஒரு வீரன் வந்தானாம். தான் வென்ற ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஒரு கொடி வீதம் தூக்கிக்கொண்டு வந்தானாம். அந்தக் கொடிகளுக்குத்தான் விருது என்று பெயர். "என்னோடு மோத இந்த ஊரில் யாராவது உண்டா?" என்று நடுத்தெருவில் நின்று அறைகூவினானாம். உள்ளூர்க்காரன் ஒருவன் எழுந்து வந்தான். சண்டை முடிந்தபோது வந்தவன் தரையில் கிடந்தான். விருதுகள் உள்ளூர்க்காரன் கையில் இருந்தன. அதனால் ஊருக்கு 'விருதுகள் வெட்டி' என்று பெயர் வந்ததாம். பிறகு அது 'விருதுபட்டி' ஆயிற்று. 1923-ஆம் வருஷத்தில் நகரசபை தீர்மானம் போட்டு 'விருதுநகர்' ஆக்கியது.

கதை நிஜமோ, கற்பனையோ, பாட்டுப் பாடி முன்னுக்கு வர நினைக்கிறவர்களுக்கு அதில் நல்ல பாடம் இருக்கிறது. கொடி கட்டிக்கொண்டு வந்ததில் தவறே இல்லை. கொடி இல்லாவிட்டால் வந்தவன் யார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கொடி சொன்னதைக் கை செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விருது போகும். கூடவே ஆளும் போவான்!

இந்தக் காலத்துப் பாடகர்கள் கட்டிக்கொள்ளும் விருதுக்கு 'எலக்ட்ரானிக் பிரஸ் கிட்' என்று பெயர். சுருக்கமாக ஈ.பி.கே. நாம் 'அறிமுகக் கட்டு' என்று வைத்துக்கொள்வோம். முன்னாளில் மேல்நாட்டுப் பாட்டுக் கம்பெனிகள் ஒரு காகித உறையில் பாடகரின் போட்டோ, வாழ்க்கைக் குறிப்பு, பத்திரிகை விமர்சனங்கள் எல்லாவற்றையும் போட்டுப் பத்திரிகை ஆபீஸ்களுக்கு அனுப்பும். 1980-களில் அமெரிக்க சினிமாக் கம்பெனிகள் நட்சத்திரங்களின் பேட்டியை வீடியோ டேப்பில் பதிந்து டெலிவிஷன் நிலையங்களுக்கு அனுப்பத் தொடங்கின. அப்போதுதான் 'எலக்ட்ரானிக்' என்ற அடைமொழி சேர்ந்தது. இன்று டேப்பும் இல்லை, உறையும் இல்லை. இணையத்தில் ஒரே ஒரு முகவரி. அதைத் தட்டினால் பாடகரின் சரித்திரம், படம், பாட்டு எல்லாம் எதிரே வந்து நிற்கின்றன.

பெரிய கம்பெனியின் தயவில் பாடுகிறவர்களுக்கு இந்த வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். தன் கையே தனக்கு உதவி என்று இருக்கும் சுயேச்சைப் பாடகர் தாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

செய்யாவிட்டால் என்ன? ஒரு சம்பவம் சொல்கிறேன். பத்திரிகை ஆபீஸில் ஒரு நாள் இரவு பக்கம் முடிக்கிற நேரம். கிராமத்துப் பாடகி ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர் அனுப்பிய படம் தபால் தலையை விடக் கொஞ்சம்தான் பெரிது. பெரிய படம் கேட்கலாமென்றால் டெலிபோன் எண் இல்லை. அரைப் பக்கம் கால் பக்கமாயிற்று. படம் போகவே இல்லை. அந்த அம்மாள் பாடிய பாட்டை நானே காதால் கேட்டவன். குரலில் குறையில்லை, கட்டில்தான் குறை.

முன்னே போகும் நோட்டீஸ்

இது ஏதோ நேற்றுப் பிறந்த நாகரிகம் என்று எண்ணிவிட வேண்டாம். மதுரைச் சீமையில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று உண்டு. நிரந்தரக் கம்பெனி எதுவும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஹார்மோனியக்காரர் மற்றோர் ஊர். ஒத்திகை இல்லாமல், அன்றைய இரவு மேடையில்தான் எல்லோரும் ஒன்று சேருவார்கள். விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். சுயேச்சைக் கலைஞர் என்றால் இவர்களைவிடச் சுயேச்சை வேறு யார்?

இவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு ஒன்றுதான்: நாடக நோட்டீஸ். அதில் ஒவ்வொருவருடைய படமும், பெயரும், ஊரும், வேஷமும் அச்சாகியிருக்கும். ஆள் வருவதற்கு முன்னே நோட்டீஸ் ஊருக்குள் வந்துவிடும்.

அப்படி மேடையேறிப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் சிவகாசியிலேயே பிறந்தவர். தியாகி விசுவநாத தாஸ், பிறந்த வருஷம் 1886. மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதைக் காட்டி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. ஆனால் அவர் பாட எழுந்தால் கொட்டகை நிறையும். முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரன் ஆட்சியைக் கண்டித்துப் பாடுவார். வெள்ளைக் கொக்கைப் பாடுவதுபோல் வெள்ளையரைப் பாடிய அவருடைய கொக்குப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பிரசித்தம். அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமண'த்தில் முருகனாகப் பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர் நீத்தார். திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது.

நோட்டீஸில் அவருடைய பெயரைப் பார்த்த ஜனங்கள் என்ன கிடைக்குமென்று எதிர்பார்த்து வந்தார்களோ, அது கிடைத்தது. நோட்டீஸுக்கும் பாட்டுக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. அறிமுகக் கட்டின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்று கூடச் சொல்லலாம்.

ஆடிப் பதினெட்டும் ஆல்பமும்

சிவகாசியில் பட்டாசு வந்த கதை நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள். லேபிளுக்காக அச்சகம் வளர்ந்து, இன்று தமிழ்நாட்டில் சிவகாசிக் காலண்டர் தொங்காத சுவரைப் பார்ப்பது அரிது.

அந்தக் காலண்டர் வியாபாரம் எப்படி நடக்கிறது? ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது ஊர் வழக்கம். ஏஜண்டுகள் அந்த ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கடைக்கார முதலாளி சிவகாசிக்கு வருவதில்லை. அச்சகத்தைக் கண்ணால் பார்ப்பதும் இல்லை. ஆல்பத்தைப் புரட்டுகிறார். "இந்த முருகன் ஐந்நூறு, அந்த லட்சுமி முந்நூறு" என்கிறார். வியாபாரம் முடிந்தது.

பாடகரின் அறிமுகக் கட்டும் இந்த ஆல்பந்தான். சபா காரியதரிசியோ, கோயில் விழாக் கமிட்டியாரோ, ரேடியோக்காரரோ, பத்திரிகை நிருபரோ உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து பாட்டுக் கேட்கப் போவதில்லை. நீங்கள் இல்லாத அறையில் உங்களைப் பற்றி முடிவு செய்யப் போகிறார்கள். அந்த அறையில் உங்களுக்காக வாய் திறக்கக்கூடியது இந்தக் கட்டு ஒன்றுதான்.

கட்டுக்குள் என்னென்ன?

நமக்கு ஒரு கதாநாயகி வேண்டும். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டியிடம் கேட்டுப் பழகிய கும்மியும் தாலாட்டும் பாடுவாள். சொந்தமாகவும் மெட்டுப் போடுவாள். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கப்பால் சென்னை, அதற்கப்பால் சிங்கப்பூர்!

முதலில் அவள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். மூன்று அளவில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஐம்பது வார்த்தையில் ஒன்று நோட்டீஸுக்கு. நூற்றைம்பதில் ஒன்று பத்திரிகைக்கு. நானூறில் ஒன்று விரிவாக அறிய விரும்புகிறவர்களுக்கு. தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கட்டும். 'கானக்குயில்', 'இசைத் தென்றல்' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்ள வேண்டாம். குயில் தன்னைக் குயில் என்று சொல்லிக்கொள்வதில்லை. யாரிடம் கற்றாள், என்ன பாடுவாள், எங்கே பாடினாள், எந்த வருஷம் என்பதைச் சொன்னால் போதும். ஆகாசவாணியில் குரல் தேர்வு எழுதி 'பி' கிரேடு வாங்கியிருந்தால் 'பி' என்றே போடட்டும். அது மரியாதையான கிரேடு. 'பி'யை 'ஏ' ஆக்கினால் விருது வெட்டப்படும் நாள் தூரத்தில் இல்லை.

எழுதும்போது ஒரு ஜாக்கிரதை. நமது அச்சகங்களில் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்கள் பல காலமாகப் புழங்கி வருகின்றன. அதில் அடித்த குறிப்பை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் மறைந்து, ஒன்றும் புரியாத இங்கிலீஷ் எழுத்துக்கள் வரிசை கட்டி நிற்கும். யூனிகோடில் அடித்துவிட்டால் எந்த ஊரிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

அடுத்தது படம். இதற்குச் சிவகாசி அச்சக ஃபோர்மனைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. நம் கதாநாயகி அவரிடம் போனால் சம்பாஷணை இப்படித்தான் நடக்கும்:

"அண்ணாச்சி, இந்தப் படத்தை நோட்டீஸில் பெரிசாப் போடணும்."

"இது எதுல வந்தது தாயி?"

"வாட்ஸாப்பில்."

"அதான பார்த்தேன். அது படத்தைப் பிழிஞ்சு சக்கையாக்கித்தானே அனுப்பும்! இதை ஊதுனா முகம் உடைஞ்சு கட்டம் கட்டமாத் தெரியும். போட்டோ எடுத்தவர்கிட்ட ஒரிஜினலைக் கேளு. வாட்ஸாப்பிலதான் வரணும்னா 'டாக்குமெண்ட்'டா அனுப்பச் சொல்லு."

அண்ணாச்சியின் கணக்கு எளிது. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேண்டும். ஆறு அங்குல அகலத்தில் படம் போட வேண்டுமானால் 1,800 புள்ளி அகலம் இருக்க வேண்டும். திரையில் பளிச்சென்று தெரிகிற வர்ணம் காகிதத்தில் மங்கினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சத்தால் ஆனது. அச்சு நீலம், ரோஜாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் ஆனது. வெளிச்சத்தோடு மை போட்டியிட முடியுமா?

நெட்டுக்குத்தாக ஒரு படம், படுக்கையாக ஒரு படம், பாடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது ஒன்று, மூன்று போதும். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு, அச்சிட அவருடைய சம்மதத்தையும் வாங்கி வைக்க வேண்டும். படக் கோப்புக்கு வெறும் நம்பரை விட்டுவிடாமல், பாடகியின் பெயரையே வைக்க வேண்டும். பத்திரிகை ஆபீஸில் நாள் முழுவதும் படங்கள் வந்து குவிகின்றன. பெயரில்லாத முகம் அநாதை முகம்.

மூன்றே பாட்டு

பாடத் தெரிந்ததையெல்லாம் கட்டில் திணிப்பது பலரும் செய்கிற பிழை. கேட்கிறவருக்கு நேரமில்லை. மூன்று பாட்டு வையுங்கள். சிறந்ததை முதலில் வையுங்கள். முதல் அரை நிமிஷத்துக்குள் குரல் வந்துவிடட்டும். கேட்பதற்கு எம்.பி.3 போதும். ரேடியோவுக்குச் சுருக்காத 'வேவ்' கோப்பையும் தனியே இறக்கிக்கொள்ள வசதி செய்யுங்கள்.

வீடியோ ஒன்று. வெட்டி ஒட்டாமல், மேடையில் பாடியதை மூன்று நிமிஷம் அப்படியே காட்ட வேண்டும். மினுமினுப்பு வேண்டியதில்லை, சப்தம் தெளிவாக இருக்க வேண்டும். விழாக் கமிட்டியார் பார்க்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: 'இந்தப் பெண் கூட்டத்துக்கு முன்னால் நின்று தாக்குப் பிடிப்பாளா?'

பத்திரிகையில் வந்த விமர்சனம் இருந்தால் பத்திரிகையின் பெயரோடும் தேதியோடும் சேர்க்கலாம். 'குரல் இனிமை, சுருதி போதாது' என்று எழுதியிருந்தால், முதல் பாதியை மட்டும் வெட்டி ஒட்டுவது தர்மமல்ல.

மைக்செட்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மைக் வேண்டும், உறுமி எந்தப் பக்கம், ஹார்மோனியம் எந்தப் பக்கம், பாடுகிறவர் காதுக்குத் திரும்பிக் கேட்கும் ஸ்பீக்கர் எங்கே என்று ஒரு சிறு மேடைப் படம். இது இருந்தால் கச்சேரி நேரத்தில் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" அரை மணி மிச்சமாகும்.

கடைசியாகத் தொடர்பு எண். பெண்கள் வீட்டு விலாசத்தையும் சொந்த டெலிபோன் எண்ணையும் உலகத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கச்சேரிக்கென்றே தனி எண்ணும் தனி மின்னஞ்சலும் வைத்துக்கொள்வது உத்தமம்.

எல்லாவற்றையும் ஒரே இணையப் பக்கத்திலோ, பகிரக்கூடிய ஒரே கோப்புறையிலோ வைத்து, ஒரே முகவரியாக அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். 'பார்க்க அனுமதி கேளுங்கள்' என்று அது கதவைச் சாத்தினால், எந்தக் காரியதரிசியும் காத்திருந்து அனுமதி கேட்க மாட்டார். அடுத்த பாடகரிடம் போய்விடுவார்.

பெயர் என்னும் சொத்து

1902-ஆம் வருஷம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொன்னார். பதிவான தட்டு ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போய்த்தான் அச்சாக வேண்டும். அங்கே இருந்தவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

இன்றைய பாட்டுக் கோப்புக்கும் அதே கதிதான். எங்கெங்கோ போகிறது. பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர்கள் ஆகிய விவரங்களைக் கோப்புக்குள்ளேயே பதிந்து வைக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் 'ஐ.எஸ்.ஆர்.சி.' என்ற பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணும் உண்டு. பாட்டை இணையத்தில் வெளியிட்டுத் தரும் விநியோகஸ்தர்களே வழக்கமாக இதையும் வாங்கித் தந்துவிடுகிறார்கள். பாட்டு எங்கே ஒலித்தது என்று கணக்குப் பார்க்க இந்த எண்தான் உதவும்.

சட்டமும் பாடகர் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவர்களுக்கென்று தனி உரிமை 1994-ஆம் வருஷத் திருத்தத்தில்தான் வந்தது. 2012-ல் செய்த திருத்தம், வியாபாரத்துக்காகப் பாட்டை உபயோகித்தால் பாடியவருக்கு உரிமைத் தொகை உண்டு என்றது; பாடியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும் கொடுத்தது. ஆனால் பெயரை எங்கும் எழுதி வைக்காதவருக்குச் சட்டம் எப்படித் தேடி வந்து கொடுக்கும்?

உரிமை என்றால் இரண்டு பக்கமும் உண்டு. பிறர் மெட்டமைத்த சினிமாப் பாட்டைப் பாடிக் கட்டில் வைத்தால் அனுமதி பற்றிய கேள்வி வரும். சொந்தப் பாட்டோ, பரம்பரைப் பாட்டோ முன்னால் நிற்கட்டும். பரம்பரைப் பாட்டென்றால், யாரிடம் கேட்டுக் கற்றாளோ அவர் பெயரும் ஊரும் அவசியம் இருக்க வேண்டும். கரிசல் காட்டில் களையெடுத்துக்கொண்டே பாடிய எத்தனையோ கிழவிகளின் பாட்டு நம்மிடம் இருக்கிறது, பெயர்தான் இல்லை. நம் கதாநாயகி தன் கட்டில் 'பாட்டு: என் பாட்டி' என்று மட்டும் போடாமல், பாட்டியின் முழுப் பெயரையும் போட்டாளானால் அந்தக் கட்டுக்கு ஒரு தனி கௌரவம் வந்துவிடும்.

பட்டாசுக் கடையில் முதல் தீபாவளிக்கு லேபிளைப் பார்த்து வாங்குகிறோம். மறு தீபாவளிக்கு, போன தடவை வெடித்ததா, நமுத்துப் போயிருந்ததா என்று யோசித்து வாங்குகிறோம். அறிமுகக் கட்டு முதல் மேடையை வாங்கித் தரும். இரண்டாவது மேடையைக் குரல்தான் வாங்கித் தர வேண்டும். ஆனால் முதல் மேடை இல்லாமல் இரண்டாவது ஏது?

ஆரம்பத்தில் சொன்ன விருதுநகர்க் கதைக்கு வருவோம். அத்தனை கொடிகளையும் வெட்டி வீழ்த்திய அந்த உள்ளூர்க்காரன் பெயர் என்ன? நான் கேட்ட வரையில், கதை சொல்கிறவர்கள் 'ஒருவன்' என்றுதான் சொல்கிறார்கள். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவன். தன் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை.